மேற்கு வீதி, 2 பரப்புக் காணி: வெக்கை தங்காத வீடு கட்ட என்ன செய்யலாம்?

கோண்டாவிலான்

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் 2 பரப்புக் காணி (ஏறத்தாழ 5,400 சதுர அடி) இருக்கிறது. வீதி மேற்குப் பக்கம். ஒரே தளத்தில் 1,200 சதுர அடிக்குள் வீடு கட்ட நினைக்கிறேன். இருக்கப்போவது நான், மனைவி, எண்பதைத் தாண்டிய அம்மா. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த பிளானில் தட்டைச் சிலாப், வீதிப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி, மூன்று அறைக்கும் ஏசி. ஏன் இப்படி என்று கேட்டால், "இப்போது எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்" என்கிறார். அம்மா ஓட்டு வீட்டைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்க மாட்டார். மனைவிக்கோ ஓடு என்றாலே எலி, ஒட்டறை, மரநாய்.

எனக்கு வேண்டியது, சித்திரை வைகாசியில் ஏசி போடாமல் மத்தியானம் படுத்து எழும்பக்கூடிய ஒரு வீடு. பசுமைக் கட்டடம் என்று சஞ்சிகைகளில் வரும் படங்கள் வேண்டாம். இங்கே இருக்கிற மேசனைக் கொண்டு, இங்கே கிடைக்கிற பொருளில் முடிகிற காரியமாகச் சொல்லுங்கள்.

சாந்தகப்பை

நான் கட்டடத் தொழிலில் இருப்பவன். ஒப்பந்தக்காரரை எல்லோரும் திட்டத் தொடங்குவதற்கு முன் ஒன்று. சிலாப் கேட்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். நாளைக்கு மகளுக்கு மேலே கட்டிச் சீதனமாகக் கொடுக்கலாம் என்ற கணக்கு. நல்ல மரத்தின் விலை உங்களுக்குத் தெரியும்; கூரை போடத் தெரிந்த தச்சரும் குறைந்துவிட்டார்கள். ஓட்டைக் கழற்றிக் கள்ளன் இறங்கிய கதை எந்த ஊரில் இல்லை? தேங்காய் விழுந்தால் நாலு ஓடு போகும், மாரியில் ஒழுகும். இதற்கெல்லாம் பதிலை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஸ்காபரோ வடலி

கண்ணாடியில் என்ன பிழை? இங்கே கனடாவில் எங்கள் வீட்டில் முன்பக்கம் முழுவதும் கண்ணாடிதான். வெளிச்சம் வரும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். நான் இணுவிலில் கட்டப்போகும் வீட்டுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

பனங்கூடல்

வடலித் தம்பி, கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடான பொருள்கள் விடும் வெப்பத்தை வெளியே விடாது. கனடாவின் குளிருக்கு அது வரம். இணுவிலிலும் அது அதே வேலையைத்தான் செய்யும். நீங்கள் வந்து நிற்கிற மூன்று கிழமைக்கு ஏசியைப் போட்டுக்கொள்வீர்கள். மற்ற நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவோ சித்தப்பாவோ பின் குசினியில் போய் இருப்பார்கள். அப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன்.

கோண்டாவிலான் ஐயா, உங்கள் காணியின் முடிச்சு சிலாப்பா ஓடா என்பதில் இல்லை. மேற்கு வீதி என்றீர்களே, அங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையை ஒட்டி இருக்கிறது. சூரியன் நமக்கு உச்சிக்கு நேரே வருவது ஆண்டில் இரண்டு தடவை: ஏப்ரல் நடுப்பகுதி, ஆகஸ்ட் கடைசி. இடைப்பட்ட மாதங்களில் மத்தியான வெயில் வடக்குப் பக்கம் சாயும். ஆனாலும் ஜூன் 21 இல் கூட 14 பாகைதான் சாய்வு. டிசம்பரில் தெற்கே 33 பாகை. ஆகவே வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் காப்பாற்றுவது சுலபம். கூரையை 3 அடி வெளியே நீட்டித் தாழ்வாரம் விட்டால், டிசம்பர் மத்தியான வெயிலிலும் தெற்குச் சன்னல் நிழலில் நிற்கும்.

மேற்குச் சுவருக்கு இந்த வித்தை பலிக்காது. பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் 30 முதல் 35 பாகை உயரத்தில் நிற்கிறது. 7 அடி உயரச் சுவரை அந்த வெயிலிலிருந்து தாழ்வாரத்தால் மட்டும் மறைக்க 10 அடிக்கு மேல் நீட்ட வேண்டும். உங்கள் ஒப்பந்தக்காரர் கண்ணாடி வைத்திருப்பது சரியாக அந்தச் சுவரில்.

இவ்வளவுதான் என்றால் மேற்கை முழுவதும் கல்லால் அடைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை நமக்குச் சோளகக் காற்று வருவது தென்மேற்கிலிருந்து. வெயில் வருகிற பக்கமும் காற்று வருகிற பக்கமும் ஒன்று. மேற்கை அடைத்தால் அவிந்துபோவோம், திறந்தால் வெந்துபோவோம். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர் இந்த ஒன்றுக்கு வழி கண்டுவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை.

என் வழி இது. மேற்கே 7, 8 அடி அகலத்தில் விறாந்தை. அதன் வெளி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு மேலே கிராதி அல்லது துளைக்கல். வெயில் விறாந்தையிலேயே விழுந்து முடியும், காற்று உள்ளே வரும். உள்ளே வந்த காற்று வெளியேறுவதற்கு வடகிழக்கில் வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய சன்னல் வைத்தும் பயனில்லை. வந்த காற்று நின்றுவிடும்.

வேலியோரம்

மதிலை ஒருவரும் சொல்லவில்லையே. முன்பு பனையோலை வேலி, கிடுகு வேலி. அதற்குள்ளால் கொஞ்சமாவது காற்று வரும். இப்போது ஒவ்வொருவரும் தலைக்கு மேலே மதில் கட்டி, அதற்கு மேலே தகரமும் அடிக்கிறார்கள். வீட்டுச் சன்னல் மட்டத்தில் சோளகம் எப்படி வரும்? மதிலுக்குச் செலவழித்த காசில் ஒரு விறாந்தை கட்டியிருக்கலாம்.

பனங்கூடல்

வேலியோரம் அக்கா சொன்னதை இரண்டு தடவை வாசியுங்கள். மேற்கு மதிலில் மேல் அரைவாசியையாவது துளைக்கல்லாக வையுங்கள் ஐயா.

தீவகத்தான்

காற்று, நிழல் எல்லாம் சரி. ஆனால் எங்கள் அப்பு கட்டிய வேலணை வீட்டில் முருகைக்கல்லுச் (பவளப்பாறைக் கல்) சுவர், ஒன்றரை அடித் தடிப்பு. மத்தியானம் கையை வைத்தால் குளிரும். இப்போதைய 6 அங்குலச் சீமெந்துக் கல்லில் அது வருமா? தடித்த சுவரைக் கட்டினால் காற்று இல்லாவிட்டாலும் வீடு குளிராக இருக்கும் என்பது என் எண்ணம்.

பனங்கூடல்

அந்தச் சுவர் மத்தியானம் குளிர்வது உண்மை. தடித்த சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். அது முழுதாகப் பலன் தர வேண்டுமென்றால் இரவு நன்றாகக் குளிர வேண்டும். ராஜஸ்தானில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நமக்குச் சுற்றிவரக் கடல். வெயில் மாதங்களில் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஐந்தாறு பாகை வேறுபாடு வந்தாலே பெரிது. மே மாத விடியற்காலையில் கூட வியர்க்கிறதே. சுவர் தன் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

உங்கள் அப்புவின் வீடு குளிர்ந்ததற்குச் சுவர் பாதிக் காரணம். மீதி, அந்தச் சுவரில் வெயிலே படாதபடி இறக்கியிருந்த கூரை. கூரையை வெட்டிவிட்டுச் சுவரை மட்டும் வைத்துப் பாருங்கள், தெரியும்.

வேலியோரம்

நான் இருப்பது நாற்சார் வீட்டில்: நடுவில் முற்றம், அதன் நாலு பக்கமும் விறாந்தையும் அறைகளும். திருமணமாகி வந்த நாள் முதல் இதே வீடுதான். பழைய வீட்டைப் பற்றி இணையத்தில் உருகுகிறவர்கள் பெரும்பாலும் அதில் இருக்காதவர்கள். அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் அறைகள் குளிரானவை அல்ல. கள்ளனுக்குப் பயந்து வைத்த சின்னச் சன்னல். கதவைச் சாத்தினால் இருட்டு, புழுக்கம். அறைகள் பெட்டகம் வைக்கவும் உடுப்பு மாற்றவும்தான். மனிதர்கள் இருந்தது விறாந்தையில். காலையில் மேற்கு விறாந்தை, மத்தியானம் முற்றத்தை ஒட்டிய உள் விறாந்தை, பின்னேரம் கிழக்குப் பக்கம், இரவில் தலைவாசலில் பாய். மாமி வெயிலைப் பார்த்துப் பார்த்துப் பாயை இழுத்துக்கொண்டே திரிவார். வீடு குளிர்ந்ததைவிட, குளிர்ந்த மூலையை ஆள்கள் தேடிப் போனார்கள் என்பதே சரி.

இப்போது எல்லோருக்கும் தனித்தனி அறை வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும், நுளம்புக்கு வலை வேண்டும். அந்த வாழ்க்கைக்கு நாற்சாரை அப்படியே தூக்கி வைத்தால் பொருந்தாது. மாரியில் நாலு கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் இறங்கும். மூலைப் பீலி துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சுவரோடு வழிந்து உள் விறாந்தை முழுவதும் சேறு. வடிகான் அடைத்துத் தண்ணீர் நின்றால் டெங்கு. இலை தழையைக் கூட்டி அள்ளுகிற கை யாருடையது என்பதையும் யோசியுங்கள். வீட்டை ரசிக்கிறவருடைய கையாக அது இருப்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாத நாள்களில், ஒழுங்கையில் இருந்த சிலாப் வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் விறாந்தையில்தான் இருந்தார்கள்.

ஸ்காபரோ வடலி

அக்கா, அப்படியென்றால் சூரிய மின்கலத்தைப் போட்டு ஏசியை ஓட்டலாமே. வெயில்தானே பிரச்சினை, அதையே மின்சாரமாக்கினால் போயிற்று.

சாந்தகப்பை

காசு இருந்தால் போடலாம். ஆனால் தம்பி, ஏசி அதிகம் ஓடுவது இரவில், படுக்கை அறையில். அந்த நேரம் வெயில் எங்கே? சூரியத் தகடு மட்டும் போட்டு, மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலவடுக்கு (பற்றரி) போடாதவர்களின் வீட்டில், மின்சாரச் சபையின் மின் நின்றால் பகலிலும் வீட்டுக்கு மின் வராது. பலருக்கு இது 2022 இல்தான் விளங்கியது.

பனங்கூடல்

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66. பிறகு இறக்கினார்கள், ஏற்றினார்கள். வீடு 50 ஆண்டு நிற்க வேண்டியது. அதன் சுகத்தைக் கட்டணப் பட்டியலோடு கட்டிவைக்காதீர்கள். அம்மாவின் அறைக்கு மட்டும் ஒரு ஏசிக்கு இடம் விட்டால் போதும். மற்ற இடங்களுக்கு நல்ல கூரை விசிறி. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. ஆனால் உடம்பில் காற்றுப் பட்டால் 2, 3 பாகை குறைந்ததுபோல் இருக்கும். நமக்கு அது போதும்.

இப்போது கூரைக்கு வருகிறேன். சாந்தகப்பை கேட்டவை நியாயமான கேள்விகள்.

சிலாப்பின் குற்றம் அது சூடாவது அல்ல. நேரம் பிந்திச் சூடாவது. 5 அங்குலக் கொங்கிறீற் மத்தியான வெயிலை வாங்கி, நாலைந்து மணி நேரம் கழித்து உள்ளே விடத் தொடங்கும். நாம் படுக்கப் போகும் நேரத்திலும் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு 9 மணிக்குச் சிலாப் வீட்டில் விசிறியைப் போட்டால் சுடுகாற்று இறங்குகிறதே, அது இதுதான். ஓடு மெல்லியது. பொழுது சாய்ந்தவுடன் ஆறிவிடும், இடுக்குகளால் காற்றும் போகும்.

எனவே இரண்டையும் கலந்து கட்டுங்கள். குளியலறை, குசினி, களஞ்சிய அறைக்கு மேலே மட்டும் சிலாப். தண்ணீர்த் தாங்கியும் சூரியத் தகடும் அங்கே ஏறட்டும். தகடு போட்ட இடத்தில் சிலாப்புக்கு நிழலும் கிடைக்கும். மண்டபத்துக்கும் படுக்கை அறைகளுக்கும் ஓடு. ஓட்டுக்குக் கீழே அலுமினியத் தாள், ஆனால் ஓட்டோடு ஒட்டாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு. அதன் கீழ் சீலிங். சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் அடைபடுகிற சூடு வெளியேற இரண்டு முகட்டுச் சுவரிலும் துவாரம் வையுங்கள், துவாரத்துக்கு உள்ளே இரும்பு வலை. உங்கள் மனைவியின் மரநாய்க்கும் எலிக்கும் பதில் அந்த வலைதான். ஒட்டறை சீலிங்குக்கு மேலே கட்டினால் யாருக்கு என்ன?

கள்ளனுக்கு: சீலிங்குக்கு மேலே கம்பி வலைச் சட்டம் அடிக்கிறார்கள். செலவு கொஞ்சம், நித்திரை நிறைய. ஒழுகலுக்கு: சாய்வைக் குறைக்காதீர்கள். ஒழுகுகிற ஓட்டு வீடுகளில் பாதி, மரத்தை மிச்சம் பிடிக்கச் சாய்வைக் குறைத்தவை. தேங்காய்க்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. தென்னையை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

தீவகத்தான்

மரத்துக்குப் பனை இருக்கிறதே. எங்கள் வீட்டுக் கூரையின் பனை வளையும் சிலாகையும் அப்பு காலத்தவை, கறையான் தொடவில்லை.

சாந்தகப்பை

முற்றிய பனையாக இருந்தால் அதற்கு நிகர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வைரம் ஏறாத பனையை விற்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டுமுகத்தில் கறுத்த நார் நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தறிக்க அனுமதியும் வேண்டும். போரில் அழிந்த பனைகளுக்கு ஈடாக இன்னும் வளர்ந்து வரவில்லை. எல்லோரும் பனை வளை கேட்டால் பனங்கூடல் என்ற பெயர் இங்கே எழுதுகிறவருக்கு மட்டும்தான் மிஞ்சும்.

ஊர்க்குருவி

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். செம்மண்ணை அழுத்திச் செய்யும் கல் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஆரோவில்லில் அதைக்கொண்டு மாடி வீடே கட்டுகிறார்கள். சுடத் தேவையில்லை, சீமெந்தும் குறைவு.

பனங்கூடல்

நல்ல கல். கட்டத் தெரிந்தவர் கட்டினால் பூசக்கூடத் தேவையில்லை. ஆனால் கோண்டாவிலில் அதற்கு மண்ணை எங்கே எடுப்பீர்கள்? வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே பல இடங்களில் மெல்லிய படலம்தான். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைகிற மண் அது. தோட்டத்தைத் தோண்டிச் சுவராக்கிவிட்டு அதற்குச் சூழல் நட்பு வீடு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அத்திவாரக் குழியில் எடுத்த மண் மிஞ்சினால் செய்யுங்கள். வெளியிலிருந்து லொறியில் ஏற்றாதீர்கள்.

ஓர் ஊருக்கு நல்லது இன்னோர் ஊருக்குச் சரிவராது என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 2016 இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் என்றார்கள். உருக்குச் சட்டத்தில் பொருத்துவது, ஒன்றுக்கு 21 லட்சம் ரூபா என்று பேசப்பட்டது. வெக்கை, கடற்காற்றில் துரு, பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியாமை என்று பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் அந்தத் திட்டம் அப்படியே நடக்கவில்லை. அதே காசில் கல் வீடு இரண்டு கட்டலாம் என்று அன்றைக்குச் சொல்லாத ஆள் இல்லை.

சுவருக்கு உங்கள் ஊரில் கல் அரிபவரிடமே (அச்சில் வார்ப்பவரிடமே) நல்ல சீமெந்துக் கல்லை வாங்குங்கள் ஐயா. நிழலில் நிற்கிற சாதாரணச் சுவர், வெயிலில் நிற்கிற விசேஷச் சுவரைவிட மேல். வெளிப்பூச்சுக்கு வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய நிறம். இப்போது பெருகிவரும் கடும் சாம்பல் நிறத்தை யார் பழக்கிவிட்டார்களோ தெரியவில்லை.

தீவகத்தான்

கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய முருகைக்கல், சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசாதீர்கள். நாங்கள் விறாந்தைச் சுவரைப் பூசுவித்தோம். இரண்டாம் மாரிக்குள் நிலத்திலிருந்து இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு அப்பளம்போல் எழும்பியது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்றுவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசிய பிறகுதான் காய்ந்தது. கொங்கிறீற்றுக்கும் கம்பிக்கு மேல் மூடு கனம் குறைந்தால் சில வருடங்களில் வெடிக்கும்.

கோண்டாவிலான்

எல்லோருக்கும் நன்றி. அச்சடித்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்விகள். நிலையம் எடுத்த (மனையடி சாஸ்திரம் பார்த்த) ஐயா வாசல் மேற்குப் பார்க்கக் கூடாது, கிழக்கே பார்க்க வேண்டும் என்கிறார், வீதி மேற்கில். மழைத் தண்ணீரைக் கிணற்றில் விடலாமா?

வேலியோரம்

நிலையக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள், இந்தத் தடவை அவர் உங்கள் பக்கம்தான். கிழக்கே தலைவாசலை வையுங்கள். மேற்கு விறாந்தைக்குப் பக்கத்துக் கதவு போதும். விருந்தாளி விறாந்தையைச் சுற்றி வரட்டும். மேற்கில் பெரிய கதவு இல்லாமல் போனால் வெயிலும் குறையும்.

பனங்கூடல்

சுபம். மழைக் கணக்கு இது. 1,000 சதுர அடிக் கூரை என்றால் ஏறத்தாழ 93 சதுர மீற்றர். 1 மில்லிமீற்றர் மழைக்கு 93 லீற்றர். நமக்கு ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றரை ஒட்டிய மழை, அதாவது 1 லட்சம் லீற்றருக்கு மேல். தெறித்தது, வழிந்தது போக 80,000 லீற்றராவது தேறும். ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதைத் தொட்டியில் தேக்குவது வீண் செலவு. குடிக்கவும் சமைக்கவும் ஒரு சிறு தொட்டி, மீதி நிலத்துக்கு.

நேரே கிணற்றில் விடாதீர்கள். முதல் மழை கூரையில் உள்ள பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே திருப்பிவிடத் தனிக் குழாய் வேண்டும். பிறகு கல்லும் மணலும் போட்ட குழி வழியாக இறக்குங்கள். நம் சுண்ணாம்புப் பாறையில் வெடிப்பும் பொந்தும் உண்டு. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். அதே காரணத்துக்காக மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி வைத்தோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். இடம் இருக்கிற அளவுக்குத் தள்ளுங்கள், அடியும் சுவரும் பூசிய தொட்டியாகக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளவெடுங்கள்.

2008 நிஷா புயல் வெள்ளத்தில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அயலில் விசாரித்து, அதற்கு மேலே அத்திவாரத்தை எழுப்புங்கள்.

ஸ்காபரோ வடலி

பனங்கூடல் அண்ணா, என் இணுவில் வீட்டுக்கும் வீதி மேற்குதான். கண்ணாடியை வடக்குப் பக்கம் மாற்றினால்?

பனங்கூடல்

மாற்றுங்கள். 3 அடித் தாழ்வாரமும் திறக்கக்கூடிய சன்னலும் என்றால் நானே வந்து பார்க்கிறேன்.

சாந்தகப்பை

கோண்டாவிலான் ஐயா, பனங்கூடல் சொன்ன கலப்புக் கூரையை நான் கணக்குப் பார்த்தேன். முழுச் சிலாப்பைவிடப் பெரிதாக மிச்சம் வராது. மரமும் சீலிங்கும் அதைத் தின்றுவிடும். மூன்று ஏசியில் இரண்டையும் கண்ணாடியையும் வெட்டினால் விறாந்தைச் செலவு அடைபடும். ஓடும் சிலாப்பும் சந்திக்கிற இடத்தில் ஈயத் தகடு வைத்து மடிக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒழுகினால் அங்கேதான் ஒழுகும். தகட்டைச் சுவருக்குள் இரண்டு அங்குலம் செருகிப் பூசாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.

கோண்டாவிலான்

எழுதிவிட்டேன். திருத்திய பிளானைப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் முன் இங்கே போடுகிறேன். மனைவி கேட்கச் சொன்னது: முகட்டுத் துவாரத்துக்கு வலையின் கண் எத்தனை அங்குலம்?

சாந்தகப்பை

கால் அங்குலம். அதைவிடப் பெரிதென்றால் சுண்டெலியும் எலிக்குஞ்சும் நுழையும். துருப்பிடிக்காத வலையாக வாங்குங்கள். மேலே ஏறி மாற்ற யாரும் வரமாட்டார்கள்.